தொலைவிலிருந்து தளத்தைத் திருத்துதல்

வடநாட்டு நகரம் ஒன்றில் நம்மவர் நடத்தும் தமிழ்ச் சங்கம் ஒன்று உண்டு. பெயரைக் கூறவேண்டிய அவசியம் இல்லை. ஞாயிறுதோறும் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். வகுப்பில் இடம் குறைவு. விண்ணப்பம் அளிக்கும் கடைசி நாள் கடந்துவிட்டால் ஒரு குழந்தைக்கு ஓராண்டு வீணாகிவிடும். அந்தச் சங்கத்தின் இணையதளத்தில் தமிழ்ப் பக்கங்களை எழுதித் தரும் பொறுப்பைச் சில ஆண்டுகளாக நாம் ஏற்றிருக்கிறோம். நாம் இருப்பது டில்லி. சங்கம் இருப்பது வேறோர் ஊர். ஆதலால் எழுதுவதும் திருத்துவதும் தொலைவிலிருந்தே நடைபெறும்.

ஒருமுறை, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 12ஆம் தேதி என்பதை 21 என்று எழுதிவிட்டோம். அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்து, தேதிகளை இருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்யத்தகாத பிழைதான். செயலாளர் அதைக் கண்டு நமக்குத் தெரிவித்தது 10ஆம் தேதி. அன்று நாம் சென்னைக்குச் செல்லும் ரயிலில் இருந்தோம். வண்டி நாகபுரியைக் கடந்துவிட்டது. கையில் இருந்தது கைப்பேசி ஒன்றுதான். அதிலிருந்த செயலியைத் திறந்து தளத்துக்குள் நுழைய முயன்றோம். “இணைக்க இயலவில்லை” என்னும் வாசகமே திரும்பத் திரும்பத் தோன்றியது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலருக்கு இந்த நிலைமை புதிதன்று. சங்கத்தின் பக்கத்தையோ, கோயில் கமிட்டியின் அறிவிப்புகளையோ, ஊரிலே அண்ணன் நடத்தும் கடையின் விலைப்பட்டியலையோ எட்ட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் நம்மில் அநேகர். நாமும் கலைப் படிப்புப் படித்தவர்களே தவிர, யந்திர சாஸ்திரம் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் அன்று பட்ட அவஸ்தையாலும், பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததாலும் ஒரு செய்தி நன்கு விளங்கிற்று. கதவு திறக்கவில்லை என்றவுடன் சாவியைச் சந்தேகிக்கிறோம். ஆனால் சாவி துவாரத்தை நாம் நெருங்கவே இல்லை என்பதுதான் பல வேளைகளில் உண்மை. நாம் எந்த வாயிலில் நிறுத்தப்பட்டோம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

இத்தகைய தளங்கள் இயங்கும் விதத்தைச் சிறிது பார்ப்போம். முற்காலத்தில் இணையதளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக இருந்தது. ஒரு சொல்லை மாற்றவேண்டுமானால் கோப்பை இறக்கி, திருத்தி, மீண்டும் சர்வரில் ஏற்ற வேண்டும். இப்போது அந்தச் சிரமம் இல்லை. எழுத்துகள் எல்லாம் தரவுத்தளம் என்னும் பேரேட்டில் இருக்கும். யாரேனும் பக்கத்தைக் கேட்கும்போது அமைப்பானது அவ்வெழுத்துகளை எடுத்து, உரிய சட்டத்தில் பொருத்தி அனுப்புகிறது. இதனை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்கிறார்கள். 2001இல் துருபல், 2003இல் வேர்ட்பிரஸ், 2005இல் ஜூம்லா என்று இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நம் சங்கத்தின் தளம் வேர்ட்பிரஸில் அமைந்தது; ஆகவே உதாரணங்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

இந்த அமைப்புக்குள் செல்ல இரண்டு வழிகள் உண்டு. முன்வாயில் ஒன்று. உலாவியில் நுழைவுப் பக்கத்தைத் திறந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, மேசைக்குச் சென்று உட்காருவது போன்ற முறை. மற்றொன்று பக்கவாயில். இதன் வழியே மனிதர் செல்வதில்லை. மனிதருக்காகச் செயலிகள் சென்று வருகின்றன. நம் கைப்பேசியில் இருந்த செயலி பக்கவாயில் வழியே செல்வது. அன்று இது நமக்குத் தெரியாது.

பக்கவாயிலுக்குப் பழைய பெயர் எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. ஒரு கணினி மற்றொரு கணினியை வேலை ஏவுவதற்காக 1998இல் தோன்றிய முறை இது. 2012 டிசம்பரில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 3.5 முதல் இவ்வாயில் தானாகவே திறந்திருக்கும்படி வைக்கப்பட்டது. திருடர்களுக்கும் இது சௌகரியமாகப் போயிற்று. முன்வாயிலில் ஒரு தடவைக்கு ஒரு கடவுச்சொல்லைத்தான் முயன்று பார்க்கலாம். பக்கவாயிலிலோ ஒரே உறையில் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களைப் போட்டு அனுப்ப இடமிருந்தது. 2015இல் இந்தத் தந்திரம் பெரிதும் பேசப்பட்டு, அதற்கு மாற்றும் செய்யப்பட்டது. எனினும், தளங்களைப் பராமரிப்போரில் பலர் இவ்வாயிலை அடைத்துவிடுவதே நலம் என்று கருதுகிறார்கள். அவர்கள் கருத்தைக் குறைகூறுவதற்கில்லை. அடைத்ததை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதே நம் வருத்தம்.

இனி ரயிலுக்குத் திரும்புவோம். செயலி நுழையாததைக் கண்ட நாம், கடவுச்சொல் கெட்டுவிட்டது என்று நாமே தீர்மானித்துச் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

“சார், பாஸ்வேர்டை மாற்றித் தரமுடியுமா?”

“இதோ மாற்றிவிடுகிறேன், சார். எழுதிக்கொள்ளுங்கள்.”

அவர் நல்ல மனிதர். உடனே மாற்றினார், எழுத்து எழுத்தாகச் சொன்னார். பல்லார்ஷாவுக்கு அப்பால் காட்டுப் பகுதியில் இணைப்பு விட்டு விட்டு வந்தது. அவர் சொன்னது பூஜ்யமா, ஆங்கில ‘ஓ’ எழுத்தா என்பது விளங்கவில்லை. செயலி அப்போதும் ஏற்கவில்லை. அதன்பிறகு உலாவி வழியே முன்வாயிலுக்குச் சென்றோம். அங்கே பூஜ்யத்தை இட்டோம், பிறகு ‘ஓ’வை இட்டோம், பெரிய எழுத்தாக இட்டோம், சிறிய எழுத்தாக இட்டோம். தவறான முயற்சிகள் அளவு மீறியதால் முன்வாயிலும் அடைத்துக்கொண்டது. நாம் நாகபுரியிலேயே நேராக முன்வாயிலுக்குச் சென்றிருந்தால், பழைய கடவுச்சொல்லே போதுமானதாக இருந்திருக்கும். அதனை மாற்றச் சொல்லிக் கெடுத்தவர்கள் நாமே. கடவுச்சொல்லைத் தொலைபேசியில் உரக்கச் சொல்லவைத்தது இன்னொரு தவறு. ரயில் பெட்டியில் எதிரே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சரியாகச் செய்திருக்க வேண்டியது என்ன? இதற்கு மத்திய சர்க்கார் காரியாலயம் ஒன்றை மனத்தில் கொள்வது உதவும். டில்லியில் வேலைக்கு வந்தவர்களுக்கு அது பழகிய காட்சிதான். வெளியில் காவலர் நிற்கிறார். அனுமதிச் சீட்டு இல்லாதவரைத் திருப்பி அனுப்புகிறார். உள்ளே வரவேற்பு மேசை இருக்கிறது; அங்கே “நீர் யார்?” என்று கேட்கிறார்கள். அதற்கும் அப்பால் நாம் தேடிவந்த பிரிவு, அங்கே “இந்தக் கோப்பைத் தொட உமக்கு அதிகாரம் உண்டா?” என்று கேட்கிறார்கள். மூவரும் “முடியாது” என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் பரிகாரம் வேறு. வாயிற்காவலர் தடுத்தவர், உள்ளேயிருக்கும் அலமாரியின் சாவியை மாற்றிப் பயன் என்ன?

சர்வர்கள் தம் மறுப்பை எண்களால் தெரிவிக்கின்றன. 401 என்றால், “நீர் யாரென்று நிரூபிக்கவில்லை” என்று பொருள். சாவியைச் சந்தேகிக்க வேண்டிய இடம் அது. 403 என்றால், “யாராயிருந்தாலும் இங்கே அனுமதி இல்லை” என்று பொருள். 404 என்றால், கேட்ட இடமே இல்லை. முகவரியில் ஓர் எழுத்துத் தவறியிருக்கலாம், அல்லது நுழைவுப் பக்கத்தைப் பாதுகாப்பு கருதி வேறு பெயருக்கு மாற்றியிருக்கலாம். 429 என்றால், அளவுக்கு மீறித் தட்டிவிட்டோம். பேசாமல் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். 500 முதல் தொடங்கும் எண்கள் எல்லாம் சர்வரின் சொந்த நோய்கள். அவற்றுக்கு நம்மிடம் மருந்து இல்லை. பராமரிப்பவருக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கவேண்டியதுதான். நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல் பிழையாக இருந்தாலோ எண் எதுவும் கண்ணுக்குத் தெரியாது; அந்தப் பக்கமே வாக்கியமாகச் சொல்லிவிடும்.

இவற்றுள் 403 சற்றுக் குழப்பமானது. காவலரும் இதைச் சொல்லலாம், பிரிவு எழுத்தரும் இதைச் சொல்லலாம். வேறுபாட்டை அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. மறுப்பு வந்த பக்கம் வெறும் வெள்ளைத்தாளில் இரண்டு வரியாக நின்றால், பெரும்பாலும் அது சர்வரோ, அதற்கு முன்னிற்கும் ஃபயர்வால் என்னும் காப்புச் சுவரோ கூறியது. தளத்தின் மேசை வரையில் சென்று, உள்ளே ஒரு பக்கத்தைத் திருத்தப் போகும்போது மறுப்பு வந்தால், அது அதிகாரக் குறைவு.

அதிகாரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸில் பயனர்களுக்குப் படிநிலைகள் உண்டு. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. அவர் எழுதியதை வேறொருவர் வெளியிட்டுவிட்டால், பிறகு அதனை அவரே திருத்தவும் முடியாது. ஆசிரியர் என்னும் நிலையில் உள்ளவர் தம் கட்டுரைகளை மட்டும் வெளியிடலாம், திருத்தலாம். தொகுப்பாளர் நிலையில் உள்ளவரே பிறர் எழுதியவற்றையும் நிலையான பக்கங்களையும் தொடலாம். “நேற்றுவரை திருத்த முடிந்தது, இன்று முடியவில்லை” என்று புகார் கூறும் அன்பர்களில் சிலருக்கு நேர்ந்தது இவ்வளவுதான். நேற்று அது வரைவு. இன்று அது வெளியான கட்டுரை.

பக்கவாயில் திறந்திருக்கிறதா என்று சோதிப்பதும் எளிது. அதன் கோப்பின் முகவரியை உலாவியில் நேராகத் திறந்து பார்க்க வேண்டும். அது உயிருடன் இருந்தால், 405 என்னும் எண்ணுடன், குறிப்பிட்ட முறையில் அனுப்பப்படும் கோரிக்கைகளை மட்டுமே ஏற்பதாக ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றும். பார்ப்பதற்கு மறுப்புப் போலிருப்பினும் அது நல்ல சகுனமே. வாயிலில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். விஜயவாடாவை நெருங்கும்போது, சென்னையிலிருந்த நண்பர் ஒருவர் சொல்லி நாம் இதைச் செய்தோம். வந்தது 405 அன்று, வெள்ளைத்தாளில் 403. நம் சாவியை யாரும் பார்க்கவே இல்லை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. அதற்குள் இரவு ஆகியிருந்தது.

முன்வாயில் நமக்கு அடைத்திருந்தபடியால், செயலாளரே தம் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்தார். எந்தப் பக்கம், எந்த வரி என்று நாம் சொல்லச் சொல்ல, 21ஐ எடுத்துவிட்டு 12ஐ இட்டார். ஆயினும் பொதுமக்கள் காணும் பக்கத்தில் 21 அப்படியே நின்றது! “மாற்றிவிட்டேன், சார்; மறுபடியும் பழையதே தெரிகிறதே” என்றார் அவர். அதற்குக் காரணம் கேஷ் என்று சொல்லப்படும் தற்காலிகச் சேமிப்பு. ஒவ்வொரு முறையும் பேரேட்டைப் புரட்டுவதற்குப் பதிலாக, முன்பே கோத்த பக்கத்தின் நகலைச் சர்வர் எடுத்து நீட்டிக்கொண்டிருக்கும். பல ஊர்களில் நகல் வைத்துப் பரிமாறும் விநியோக நிறுவனங்கள் இடையில் இருந்தால், பழைய நகல்கள் இன்னும் சில இடங்களில் தங்கும். இந்நகல்களை அகற்றும் பொத்தான் செயலாளரின் மேசையில் இல்லை, பராமரிப்பவரிடம் இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தது மறுநாள் பிற்பகல். அதுவரை தளத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் 21 என்றே படித்தார்கள்.

இணைப்பு மாறும்போது தடை தோன்றுவது இன்னொரு வகை. சில தளங்கள் குறிப்பிட்ட ஐ.பி. முகவரிகளிலிருந்து வருவோரை மட்டுமே நுழைய விடும். அரசாங்கத் தளங்கள் பலவற்றில், காரியாலய வலையமைப்பிலிருந்தோ, வி.பி.என். என்னும் மறைவழியாகவோதான் திருத்த முடியும். அவை வீட்டிலிருந்து திறக்கவில்லை என்றால் அது பழுது அன்று, ஏற்பாடு. கைப்பேசி இணைப்பில் மற்றொரு சங்கடம் உண்டு. அங்கே ஒரே ஐ.பி. முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவர் செய்த விஷமத்துக்காக அந்த முகவரியே தடைசெய்யப்பட்டால், தெருவுக்கு விதித்த தண்டனை நம் வீட்டுக்கும் சேரும். ஆகவே, கைப்பேசி இணைப்பில் திறக்காததை வீட்டு இணைப்பிலும், வீட்டில் திறக்காததைக் கைப்பேசியிலும் ஒருமுறை முயன்று பார்ப்பது வீண்வேலையன்று. ஒன்றில் திறந்து மற்றதில் திறக்காவிட்டால், சாவியின் மீது பழியில்லை என்பது அப்போதே உறுதியாகிவிடும்.

முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை இரண்டாம் சாவியாகக் கேட்கும் தளங்களில், எண்ணைச் சரியாக இட்டும் மறுப்பு வருவதுண்டு. அந்த எண் கடிகாரத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. கைப்பேசியின் நேரத்தைக் கையால் திருத்தி வைத்திருப்போருக்குக் கணக்குத் தவறும். ஒருகாலத்தில் செய்திக்கு முன் வானொலியில் ஒலிக்கும் நேரக் குறிப்பைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம். இப்போது கைப்பேசியின் நேரத்தைத் தானியங்கி முறையில் விட்டுவிட்டால் போதும்.

செயலியைத்தான் உபயோகிக்க வேண்டும் என்போர்க்கு ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. 2020 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 5.6 முதல், ஒவ்வொரு செயலிக்கும் தனியாக 24 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். முன்வாயிலில் அது செல்லாது. கைப்பேசி தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம், மற்றவை பாதிக்கப்படா. தளத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கவில்லையானால் இந்த வசதி சாதாரணமாகத் தோன்றாது. சில சர்வர்கள் இச்சாவியைத் தாங்கிவரும் தலைப்பை வழியிலேயே உதிர்த்துவிட்டு, உள்ளே வெறுங்கையோடு அனுப்புவதும் உண்டு. சாவி சரியாக இருந்தும் 401 வந்துகொண்டே இருந்தால் பராமரிப்பவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

தமிழில் எழுதுவோர்க்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. சேமித்த கட்டுரை முழுதும் கேள்விக்குறிகளாக மாறிவிட்டால், நம் எழுத்துருவைக் குறைகூற வேண்டாம். பழைய தரவுத்தளம் ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும் ஏற்றதாய் அமைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றும்வரை அங்கே எழுதுவதை நிறுத்திவிடுவதே நல்லது. கேள்விக்குறியாகிவிட்டதைத் திரும்ப எழுத்தாக்க முடியாது. அடுத்தது, கட்டுரையின் முகவரி. தலைப்பைத் தமிழில் இட்டால் முகவரியும் தமிழில் அமையும். உள்ளுக்குள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடமோ 200 எழுத்துகள். ஆதலால் 22 குறியீடுகளுக்கு மேல் உள்ள தலைப்பு முகவரியில் நடுவே துண்டிக்கப்படும். ‘விண்ணப்பம்’ என்ற சொல்லுக்கே, புள்ளிகளையும் துணைக்குறியையும் சேர்த்து, பத்துக் குறியீடுகள் செலவாகின்றன. முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக அமைத்துக்கொள்வதில் மொழிப்பற்றுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது என்பது நம் அபிப்பிராயம்.

பராமரிப்பவருக்கு எழுதும்போது, “உள்ளே போக முடியவில்லை” என்று மட்டும் எழுதினால் அவரும் நம்மைப் போலவே கடவுச்சொல்லை மாற்றித்தான் தருவார். எந்த முகவரியைத் திறந்தோம், எந்த எண் வந்தது, எந்த இணைப்பு, எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்பனவற்றை எழுத வேண்டும். நிமிஷம் முக்கியம். சர்வர் தன்னிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் நேரத்தோடு பதிவேட்டில் குறித்து வைக்கிறது. இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு கூறுகிறது. நேரம் தெரிந்தால் அவர் அந்த வரியைத் தேடி எடுத்து, எந்த வாயிலில் நாம் நின்றோம் என்பதைச் சொல்லிவிடலாம்.

சங்கத்தின் கதையை முடித்துவிடுவோம். 12ஆம் தேதி கழிந்தபின் இரண்டு குடும்பத்தினர் விண்ணப்பத்துடன் வந்தார்கள். ஒருவர், தளத்தில் 21 என்றிருந்த பக்கத்தைக் கைப்பேசியில் படமாகவே பிடித்து வைத்திருந்தார். பிழை சங்கத்தினுடையது என்று செயலாளர் குழுவில் எடுத்துக் கூறி, இரு பிள்ளைகளுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தார். பிழை நம்முடையது என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் நாள் இருக்கிறதென்று தாமதித்து, பிறகு வராமலே போனவர் யாரேனும் உண்டா என்பதை எண்ணினால் இன்றும் மனம் உறுத்துகிறது.

பக்கவாயில் இப்போதும் அடைத்தே இருக்கிறது. திறக்கும்படி நாம் கேட்கவில்லை. கைப்பேசியிலும் உலாவி வழியாகவே செல்கிறோம். நமக்கென்று தொகுப்பாளர் நிலையில் தனிக் கணக்கு ஒன்றைச் செயலாளர் ஏற்படுத்தித் தந்தார். அவருடைய சாவி அவரிடமே இருக்கிறது. நகல்களை அகற்றும் பொத்தானும் அவர் மேசைக்கு வந்துவிட்டது. தேதி எழுதும்போது பக்கத்திலேயே கிழமையையும் சேர்த்து எழுதுகிறோம்.